கிளாரன்ஸின் தகப்பன் நிற்காத வரிசை

பூங்காவில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். 1987, பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் இலையுதிர் காலம் பாதி போயிருந்தது. ஒரு பக்கத்தைக் கூட்டிக் குவித்துவிட்டுத் திரும்பினால், மற்றப் பக்கத்தில் மரம் மறுபடி கொட்டி வைத்திருக்கும். ஈரமான இலைக்கு ஒரு மணம் உண்டு. பழைய புகையிலைக் கட்டைப் பிரித்தது போல. அந்த மணமும் கையுறைக்குள் விறைத்த விரல்களும்தான் அந்த வருடத்தைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை.

பூங்காவின் மர வாங்கில் ஒரு கறுப்பு மனிதர் இருந்தார். நல்ல உயரம், எழுபது வயது இருக்கும். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. மூன்று நாளாக அதே வாங்கில் இருந்து என்னையே பார்த்தார்.

வேலையை ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்க்க ஆள் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு அப்போது வேறு வேலை செய்ய அனுமதி இல்லை. சோசியல் கந்தோர், அதாவது சமூக உதவி அலுவலகம், தருகிற பணத்துக்குப் பதிலாக இப்படிப் பூங்கா கூட்ட அனுப்புவார்கள். மணிக்குச் சில்லறைக் காசு மேலதிகமாகக் கிடைக்கும்.

அந்த மனிதர் எழுந்து வந்தார். தன் போத்தலில் இருந்து கோப்பி ஊற்றி நீட்டினார். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், மெதுவாகச் சொன்னார். "நானும் அரசாங்கத்துக்குக் கூட்டியிருக்கிறேன். மண்வெட்டியும் தந்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அமெரிக்கா முழுக்கப் பட்டினி."

அமெரிக்காவில் பட்டினியா? என்னுடைய டொச் பிழையாக்கும் என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கோப்பியைக் குடித்தேன்.

யோசினைக்காரன்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு அக்கா போன கிழமை தொலைபேசியில் கேட்டா: "தம்பி, நீங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுறியள். இவ்வளவு தூரம் எப்பிடி வந்து சேர்ந்தனியள்?"

பயத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தேன். எனக்குப் பயம் வர ஒரு காரணம் போதும். காரணம் இல்லாவிட்டால், ஏன் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று பயம் வரும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு பேக்கரியில் மா குழைத்தவன். படித்தவர்கள் யோசித்து விட்டுவிடுகிற விஷயத்தை நான் விடாமல் வைத்துக்கொண்டிருப்பேன். பேர்லினில் எங்கள் ஹைமில், அதாவது அகதிகளைத் தங்கவைத்த கட்டடத்தில், என்னைச் சிவம் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. "யோசினை வருது, வழி விடுங்கோ" என்பான் குகன்.

குகன் என் அறைக்காரன். பேச்சுக்கு வரி போட்டிருந்தால் அவன் குடும்பமே அழிந்திருக்கும். மூன்றாவது ஆள் செல்வராசா அண்ணை. அவருடைய கால்தான் அந்த நாட்களில் என் முழு யோசினையும்.

செல்வராசா அண்ணையின் கால்

அண்ணைக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஊரில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். அருமையான இங்கிலீஷ். எங்கள் எல்லாருக்கும் கந்தோர்களில் மொழிபெயர்க்க அவர்தான் வருவார். ஆனால் தனக்கென்று சோசியல் கந்தோர் வாசலை மிதிக்கமாட்டார். உதவிப் பணத்துக்கு அவர் எழுதிக் கொடுக்கவே இல்லை.

கொண்டுவந்த மோதிரத்தை விற்று அதில் சீவித்தார். ஒரு பிடி அரிசி, ஒரு வெங்காயம், உப்பு. நாங்கள் மூவரும் சமறி, முறை வைத்துச் சேர்ந்து சமைப்பது. அவர் தன் பங்கு போட முடியாது என்று சமறியை விட்டு விலகிக்கொண்டார்.

"ஏன் அண்ணை, எல்லாரும்தானே எடுக்கினம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீர் எடும் தம்பி. நான் ஊரில அந்தக் கவுண்டருக்குப் பின்னால இருந்தவன். பிச்சைச் சம்பளம் குடுத்த கை இது."

ஆதரவற்றவர்களுக்கு ஊரில் மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கும் சிறு தொகைக்குச் சனம் வைத்த பெயர் அது. அண்ணைக்கு அந்தப் பிரிவில்தான் வேலை. விதவைகளும் கைகால் வழங்காதவர்களும் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். இவர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்.

அண்ணையைச் சாப்பிடவைக்கக் குகன் ஒரு வழி கண்டுபிடித்தான். முருகன் படம் போட்ட கலண்டர் ஒன்றை, நாங்கள் சமைக்கிற குசினிச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமை அரிசிப் புக்கை பொங்கிப் படைத்தான். படைத்ததை அண்ணையால் மறுக்க முடியாதே! விபூதி பூசிக்கொண்டு வந்து சாப்பிட்டார். பிறகு செவ்வாயும் படைத்தோம். பிறகு வியாழனும்.

"குகன்," என்றார் அண்ணை ஒருநாள், விரலை வழித்துக்கொண்டு. "உம்மட முருகனுக்கு இஞ்ச வந்தாப் பிறகு பசி கூடிப்போச்சு."

"குளிர் அண்ணை. பாவம், மேல்சட்டையும் இல்லை."

அண்ணை சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வந்தார்.

புதிய சப்பாத்து ஒன்று அவரது கால் விரலைக் கடித்தது. சின்னப் புண். அவருக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி. ஊரில் இருந்து கொண்டுவந்த மருந்துக் குளிசை முடிந்து எத்தனையோ நாள். புண் ஆறவில்லை. முதலில் சிவப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம். பிறகு அறைக்குள் ஒரு மணம் வந்தது. மூவருக்கும் அது எதன் மணம் என்று தெரியும். யன்னலைத் திறந்து வைத்தோம்.

டொக்டரிடம் போகக் கிராங்கன்ஷைன் என்கிற கடதாசி வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதைக் கொடுப்பது சோசியல் கந்தோர். அங்கே போகாவிட்டால் கடதாசி இல்லை. கடதாசி இல்லாவிட்டால் டொக்டர் இல்லை.

"என்ர கடதாசியில போங்கோ அண்ணை," என்றான் குகன்.

"டொக்டர் வந்து, குகதாசன் எண்டு உம்மட பேரைக் கூப்பிட, நான் எழும்பவோ? உம்மட வயசென்ன, என்ர வயசென்ன?"

"இந்த வெள்ளையளுக்கு எங்கட வயசு தெரியுமே?"

"எனக்குத் தெரியும்," என்றார் அண்ணை.

அமெரிக்கா விழுந்துவிட்டதாம்

அந்தக் கிழமைதான் ஹைமின் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் பங்குச் சந்தை ஒரே நாளில் குப்புற விழுந்துவிட்டது. கழுத்துப்பட்டி கட்டிய ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு தொலைபேசியில் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பங்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் தலையில் கை வைத்தவனைத் தெரியும். அமெரிக்கா விழுந்தால் ஜேர்மனி விழும். ஜேர்மனி விழுந்தால் முதலில் யாரைப் பிடித்து அனுப்புவார்கள்? எங்களைத்தான். இரவு உடுப்புப் பையை எடுத்துக் கட்டிலுக்குக் கிட்ட வைத்தேன்.

"உந்தப் பை எதுக்கு?" என்றான் குகன்.

"அவசரத்துக்கு."

"யோசினை, அவங்கள் அனுப்பிறதெண்டால் பிளேனில அனுப்புவாங்கள். நீ ஓடிப்போய் ஏறத் தேவையில்லை."

மறுநாள் பூங்காவில் அந்த அமெரிக்கரிடம் கேட்டேன். அவர் பெயர் கிளாரன்ஸ். உலகச் சண்டை முடிந்த கையோடு பேர்லினுக்குப் படையாளாக வந்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்துத் தங்கிவிட்டவர். மனைவி இறந்துவிட்டா. உங்கள் நாடு விழுந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். டொச்சில் சொல்ல நீளம், இங்கிலீஷ் தெரிந்தவர் இருந்தால் சொல்லுகிறேன் என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்காரர் ஒருவர்தானே.

ஞாயிறு பின்னேரம்

கிளாரன்ஸ் குசினிக்குள் குனிந்து வந்தார். கலண்டர் முருகனுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். குகனுக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போனது. செய்தியைப் பார்த்துப் பயந்த வேறு அறைக்காரரும் வந்து சுவரோரம் நின்றார்கள். அண்ணை காலை ஒரு கதிரையில் நீட்டி, மேலே துவாய் போட்டு மறைத்திருந்தார்.

கிளாரன்ஸ் சொல்லச் சொல்ல அண்ணை தமிழாக்கினார். அவர் கந்தோரில் செய்வது போலவே செய்தார். சொல்லுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்'.

"எங்கட ஊரில ஒரு இரும்பாலை. எங்கட அப்பாவுக்கு அங்கதான் வேலை. ஒருநாள் உலையை நிப்பாட்டிப்போட்டினம். அந்தப் புகை நிண்டதைப் பாக்க ஊரே வெளியில வந்தது."

"அண்ணை, உங்கட அப்பா வாத்தியார் எல்லோ?" என்றான் குகன்.

"சும்மா இரும்."

கிளாரன்ஸின் அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் உடுப்புத் தோய்த்துச் சேர்த்த காசு வங்கியில் கிடந்ததாம். ஒருநாள் காலை வங்கிக் கதவு திறக்கவே இல்லை. சனம் கையால் தட்டி, பிறகு செருப்பால் தட்டி, பிறகு படியில் இருந்து அழுததாம். வாடகை கட்டாத வீடுகளின் கட்டிலும் அடுப்பும் தெருவுக்கு வந்தன. ஊருக்கு வெளியே தகரத்திலும் மட்டையிலும் கொட்டில்கள் முளைத்தன. அந்தக் கொட்டில் ஊர்களுக்குச் சனம் சனாதிபதியின் பெயரையே வைத்தது.

"அரசாங்கம் என்ன செய்தது?" என்று நான் கேட்டேன். எனக்கு அதுதான் தேவை.

அண்ணை கேட்டுச் சொன்னார். "அப்ப அரசாங்கம் எண்டால் வரி எடுக்கவும் ஆளைப் பிடிக்கவும் வாற சாமான். பசி உன்ர பாடு. உனக்கு வேலை இல்லையெண்டால் உன்னில ஏதோ பிழை. அப்பிடித்தான் மேல இருந்தவையும் சொன்னவை. எங்கட அப்பாவும் அப்பிடித்தான் நம்பினவர்."

பழைய போர்வீரர்கள் தங்களுக்குத் தருவதாகச் சொன்ன காசைக் கேட்டுத் தலைநகருக்குப் போய்க் குடிசை போட்டார்களாம். சொந்தப் படையையே அனுப்பி அவர்களைக் கலைத்தார்களாம். சுவரோரம் நின்றவர்கள் "ச்சா" என்றார்கள். படை என்றால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பிறகு, பசித்தவர்களுக்குச் சும்மா கொடுத்த பேக்கரிப் பாணுக்கு நின்ற வரிசை பற்றிச் சொன்னார். தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஆம்பிளைகள் நிற்பார்களாம். ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் பாண் வரிசை

இதைக் கேட்டதும் என் நினைப்பு ஊருக்கு ஓடியது. எழுபதுகளில் இலங்கையில் பாண் தட்டுப்பாடு வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது பேக்கரியில். விடியமுதல் கடை வாசலில் இருந்து சந்திவரை சனம். நான் பின்கதவால் பார்ப்பேன். தலைமை ஆசிரியர், தபால்காரர், சுருட்டுக் கொட்டில் ஆட்கள், எல்லாரும் ஒரே வரிசை. செருப்பை வரிசையில் வைத்துவிட்டு மதிலில் இருந்து அரசியல் கதைப்பார்கள். வரிசையில் கலியாணம் பேசி முடித்தவர்களும் உண்டு.

அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை. எல்லாரும் நின்றார்கள்.

அமெரிக்காவிலும் எல்லாரும்தானே நின்றார்கள், பிறகு ஏன் தொப்பியை இழுத்தார்கள் என்று யோசித்தேன். எங்கள் ஊரில் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு நின்றோம். அவர்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்காரனுக்கு அவ்வளவுதான் விளங்கியது.

அண்ணை நிறுத்திய இடம்

கிளாரன்ஸின் குரல் தணிந்தது. மேசையில் கை இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். அண்ணை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடிந்தது.

"என்னவாம் அண்ணை?" என்றான் குகன்.

"தகப்பன் பிறகு வேற ஊருக்கு வேலை தேடிப் போட்டாராம்." அண்ணை துவாயைச் சரி செய்தார். "சரி, தேத்தண்ணியைப் போடும்."

அவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு இவ்வளவு கட்டையான தமிழா? கிளாரன்ஸுக்கும் அது பட்டிருக்க வேண்டும். அண்ணையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு டொச்சில், எங்கள் எல்லாருக்கும் கேட்க, ஒரே வசனம் சொன்னார்: "அவர் வெட்கப்பட்டார்."

அந்தச் சொல்லுக்கு எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ரயிலில் நாங்கள் உரத்துக் கதைத்தால் எந்தக் கிழவியாவது திரும்பி "வெட்கமாயில்லையா உங்களுக்கு" என்பாள். பஸ்ஸில் கேட்டிருக்கிறோம். மாடிப்படியில் கேட்டிருக்கிறோம். டொச்சில் நாங்கள் முதலில் படித்த சொற்களில் அது ஒன்று.

தண்ணீர் கொதித்துக் கேத்தல் மூடி ஆடியது. எழும்பி நிற்பாட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார் அண்ணை. பழையபடி கிளாரன்ஸின் குரலில் தொடங்கினார்.

"எங்கட அப்பா நிவாரண வரிசைக்குப் போகமாட்டன் எண்டு நிண்டவர். அம்மா களவாப் போய் ஒரு மூட்டை மா வாங்கிக்கொண்டு வந்தா. மூட்டையில நிவாரணம் எண்டு அடிச்சுக் கிடந்தது. ரொட்டி சுட்டா. நாங்கள் சாப்பிட்டம். அப்பா மேசையில இருந்து எங்களைப் பாத்துக்கொண்டிருந்தவர், ஒரு துண்டும் எடுக்கேல்லை. விடிய, சத்தம் கேக்காமல் சப்பாத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு போனவர். சரக்கு ரயிலில ஏறினதை ஆரோ கண்டவையாம். வேலை தேடிப் போகேல்லை. பசியாலயும் போகேல்லை. வெட்கத்தில போனவர். திரும்பி வரேல்லை."

அண்ணை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கிளாரன்ஸ் பதில் சொன்னார். அதை அண்ணை அப்போது எங்களுக்குச் சொல்லவில்லை. பிறகு படுக்கும்போது எனக்கு மட்டும் சொன்னார். "அந்த ரொட்டியை நீங்கள் விரும்பிச் சாப்பிட்டனியளோ எண்டு கேட்டன். ஓமாம். அவ்வளவு ருசியாம். அப்பா பாத்துக்கொண்டிருக்கேக்கையே இன்னொண்டு கேட்டவராம்."

மிச்சக் கதையை அண்ணை ஒன்றும் விடாமல் சொன்னார். அடுத்த வசந்தத்தில் புதுச் சனாதிபதி வந்தார். வங்கிகள் எல்லாவற்றையும் மூடி, சரியானவற்றை மட்டும் திறந்தார். ரேடியோவில் சனத்தோடு வீட்டு ஆள் போலக் கதைத்தார். கிளாரன்ஸின் அம்மா வெள்ளைக்காரி வீட்டு யன்னலுக்கு வெளியே, கையில் ஈர உடுப்போடு நின்று கேட்டாவாம். இது உங்கள் பிழை இல்லை என்று ஒரு அரசாங்கம் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டாவாம். கிளாரன்ஸைப் போன்ற பெடியன்களை எடுத்துக் காட்டு முகாம்களில் மரம் நடவும் பாதை போடவும் விட்டார்கள். சம்பளத்தின் பெரும்பகுதி நேரே வீட்டுக்குப் போகும். கறுப்பருக்கு வேறு முகாம். வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. வயலிலும் வீட்டிலும் வேலை செய்தவர்களுக்கு இல்லை என்று எழுதினார்கள், அதனால் அம்மாவுக்கு இல்லை.

"அரசாங்கம் திருந்தினது," என்று அண்ணை கிளாரன்ஸுக்காகச் சொன்னார். "முழுக்கத் திருந்தேல்லை. ஆனா பசிச்சவனுக்குக் குடுக்கிறது தன்ர கடமை எண்டு ஒத்துக்கொண்டது. எங்கட அப்பா ஒரு பனிக்காலம் பொறுத்திருக்கலாம்."

நான் என் கேள்வியை மறந்துபோனேன். ஜேர்மனி விழுமா, எங்களை அனுப்புவார்களா என்று கேட்கவே இல்லை. எல்லாரும் போனபின் அண்ணை துவாயை எடுத்துத் தன் காலைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் அவர் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, அந்தக் கந்தோர் எத்தினை மணிக்குத் திறக்கிறவங்கள்?"

வரிசை

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு முன்பே கந்தோர் வாசலில் நீண்ட வரிசை. ஆபிரிக்கர்கள், ஈரானியர்கள், வேலையிழந்த ஜேர்மன்காரர்கள். எல்லார் வாயிலும் புகை போல மூச்சு. அண்ணையின் கால் சப்பாத்துக்குள் நுழையவில்லை. குகன் தன் பெரிய குளிர்ச் செருப்பைக் கொடுத்து, உள்ளே சீலை சுற்றிவிட்டான். "பிரசாதம் அண்ணை, மறுக்கக் கூடாது" என்றான்.

அந்தக் காலின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகர்களை யோசிக்கவைக்க எனக்கு மனமில்லை. அதன் வேதனை எனக்குத் தெரியும். இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். சில வருடம் கழித்து மனைவியும் மகளும் வந்தார்கள். மகளின் கலியாணத்தில் அண்ணை கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்து வந்து எல்லாரையும் "வாங்கோ வாங்கோ" என்று கூப்பிட்டார்.

ஆனால் அந்தக் காலையில் இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அண்ணை கழுத்துத் துண்டை மூக்குவரை சுற்றியிருந்தார். கண்ணாடிக் கதவுக்குள்ளே கவுண்டர் தெரிந்தது. ஒரு இளம்பெண் கடதாசியில் கண்ணை வைத்தபடி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றார். "பின்னால இருக்கேக்கை அது மேசை மாதிரித்தான் கிடந்தது. இந்தப் பக்கம் நிண்டு பாக்கேக்கை என்ன உயரம்!"

அவர் திரும்பிப் போய்விடுவார் என்ற பயத்தில் அவருடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கம்பளித் தொப்பி ஒன்று மற்றவர்களின் தலைகளுக்கு மேலே தெரிந்தது. கிளாரன்ஸ். குகன் எப்படியோ அவருக்குச் சொல்லியிருக்கிறான். நின்றவர்களிடம் வழி கேட்டுக் கேட்டு வந்து, அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். வாசலில் நின்ற காவலாளி அவரைத் தெரிந்தவன் போல. "உங்களுக்கு இங்கே என்ன வேலை? உங்களுக்குத்தான் ஓய்வூதியம் வருகிறதே" என்றான்.

"ஒன்றுமில்லை. நிற்கிறேன்," என்றார் கிளாரன்ஸ். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணையின் பக்கம் குனிந்து இங்கிலீஷில் மெல்லச் சொன்னார்.

"என்னவாம் அண்ணை?" என்றேன்.

அண்ணை கழுத்துத் துண்டைக் கீழே இழுத்தார். முகம் முழுக்க வெளியே தெரிந்தது. வாய் ஒருமுறை கோணி நேரானது.

"எங்கட அப்பா இப்பிடியொரு வரிசையில நிண்டிருந்தால், நான் பக்கத்தில நிண்டிருப்பன். வா எண்டு கேட்டிருந்தால் வந்திருப்பன். அவர் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை. அதுதான் கேக்க முதலே வந்தனான்."

ஒரு சொல்லும் விடாமல் சொல்லிவிட்டு, குகனின் செருப்புப் போட்ட காலைத் தூக்கி முன்னுக்கு வைத்தார். வரிசை நகர்ந்தது.